நனைக்காத சட்டை

நானா,

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி என்னை அறைக்குள் கூப்பிட்டு அலுமாரியைத் திறந்தார். அந்துருண்டை வாசம், அத்தர் வாசம், இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாசம். வெயிலில் காய்ந்த சீமெந்தில் முதல் மழைத்துளி விழும்போது எழுவது போன்றது. எனக்கு அது உங்கள் வாசம்.

தன் தொழுகைத் துப்பட்டியின் மடிப்புக்குள்ளிருந்து மதினி ஒரு சட்டையை எடுத்தார். நீலக் கோடு போட்டது, இடது தோளில் கிழிந்து தைத்தது. கடைசியாக வேலைக்குப் போன நாளில் நீங்கள் போட்டிருந்தது. அன்று மூச்செடுக்க முடியாமல் பாதி வேலையில் திரும்பி வந்து, இதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஆசுபத்திரிக்குப் போனீர்கள். பிறகு அதை யாரும் கழுவவில்லை.

மதினி இரண்டு கைகளாலும் அதை முகத்தில் அழுத்திக்கொண்டார். துஆ முடிந்ததும் கைகளை முகத்தில் தடவுவோமே, அப்படி.

"ரெண்டு வருஷமாப் போயும் போகல்ல மச்சி, அவர்ட வாசம். அவர் மௌத்தான பிறகு வெளிய போகாம இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும் எனக்குத் துணை இதுதான். இந்தாங்க, நீங்களும் பாருங்க."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன். யன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயிலில், சட்டைப் பையின் தையலிலிருந்து மாவை விடவும் மெல்லிய ஏதோ ஒன்று எழும்பி, விழாமல் அப்படியே நின்றது. நான் புத்தளத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவள். அது எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும், உள்ளே போனால் எவ்வளவு காலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதினியின் கையிலேயே சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பத்திரமா வெய்ங்க" என்றேன்.

அதை நான் ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். தங்கச்சியாக உங்களிடமும் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன்.

*

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து ஆலங்குடாவில் நாம் இருந்த முகாம் உங்களுக்கு மறந்திருக்காது. வரிசையாகக் கிடுகுக் குடிசைகள். ஒரு கூரையின் ஓலை அடுத்த கூரையின் ஓலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எனக்குப் பதின்மூன்று வயது. கச்சான் காற்று அடித்த ஒரு பகலில், மூன்றாவது குடிசையில் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தது. ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்தில் எங்கள் வரிசை முழுவதும் முடிந்துவிட்டது. உம்மா மன்னாரிலிருந்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த குர்ஆனும் போனது, என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் போயின. நீங்கள் சாம்பலுக்கு நடுவில் நின்று சொன்னது என் காதில் இருக்கிறது: "இனி எங்கட தலைக்கு மேல பத்துற சாமான் ஒண்டும் வரப்படாது."

சில நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு துண்டு அஸ்பெஸ்டஸ் ஷீட் கொண்டுவந்தீர்கள். உம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, போத்தல் விளக்கின் சுடரை அதன் கீழே பிடித்தீர்கள். நாம் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாத்தியா? கறுக்குது. பத்துதில்ல!"

உம்மா அழுதார். நீங்கள் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். உங்களுடைய தொழில் அந்தப் பின்னேரம்தான் தீர்மானமானது என்று நினைக்கிறேன். எத்தாளையிலிருந்து பள்ளிவாசல்துறை வரைக்கும் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஷீட் பாஸ்', கூரை மேஸ்திரி, என்றால் நீங்கள்தான். முகாமிலிருந்து வெளியேறி ஒரு துண்டுக் காணி வாங்கிய ஒவ்வொரு குடும்பமும், சுவர் எழும்புவதற்கு முதலே உங்களிடம் வந்து கூரைக்குச் சொல்லிவைத்தது. பிற்காலத்தில் கடற்கரையோரம் வெள்ளைக்காரருக்காகக் கட்டிய விடுதிகளில் கிடுகுக் கூரை போட்டதைப் பார்த்து நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "நாங்க தப்பி ஓடி வந்த கூரைக்குக் கீழ காசு குடுத்துப் படுக்கிறாங்களே!"

எங்கள் சொந்த வீட்டுக்குக் கூரை போட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. நீங்கள் அறுக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். "விட்டுடாத, விட்டுடாத, ஒடஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வாளை இழுப்பீர்கள். வெள்ளைத் தூள் உங்கள் இமையிலும் மீசையிலும் படியும். என் தலைத்துணியைக் காட்டி, "இடியப்பத்துக்கு மா அரிச்சவள் மாதிரி நிக்கிறாய்" என்பீர்கள். நானும் சிரித்தேன். வாய் திறந்துதான் சிரித்தேன்.

அந்த வருடம்தான் மதினி இந்த வீட்டுக்கு வந்தார். வந்த முதல் கிழமையே நம் கிணற்றின் குணத்தைக் கண்டுகொண்டார். இந்தக் கரையில் கிணறு வெட்டினால் வருவது உவர்த் தண்ணீர். அதில் சவுக்காரம் நுரைக்காது. தூசியோடு துணியைப் போட்டால் அது கரைந்து சேறாகி நூலுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மதினி உங்கள் வேலை உடுப்புகளைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பு, கொல்லையில் விழுந்து கிடந்த தென்னங்குற்றியில் அடித்துத் தட்டுவார். ஒவ்வொரு பின்னேரமும் வெள்ளைப் புகை போல எழும்பும். மதினி கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். மூக்கை மூடியதில்லை. உம்மா அதைப் பார்த்து, "கெட்டிக்காரி, சவுக்காரத்த மிச்சம் புடிக்கிறா" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவார்.

நோன்புக்கு முந்திய கிழமையும் அப்படித்தான். வீட்டைச் சுத்தப்படுத்தாமல் எந்த வீட்டில் தலைநோன்பு பிடிப்பார்கள்? மற்ற ஊர்களில் கழுவுவார்கள். இங்கே உவர்த் தண்ணீர் பட்டால் ஷீட்டில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழும் என்று, கூரையின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் உலரவே சுரண்டுவோம். கறுப்புப் பாசி, சிலந்தி வலை, அவற்றோடு கூரையும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து விழும். கீழே விழுந்ததை ஈர்க்குமாற்றால் கூட்டி அள்ளுவோம். பிறகு அந்த அறையிலேயே பாய் விரித்து தராவீஹ் தொழுவோம். வருடா வருடம் செய்தோம். தண்ணீர் ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றியிருக்கக் கூடியது. நம் தண்ணீர் நல்லதில்லை என்பதால் எதையுமே நனைக்காமல் செய்யப் பழகிக்கொண்டோம்.

*

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு புத்தகத்தில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கண்ணுக்குத் தெரியாத நார்கள். உள்ளே போனால் கரையாதவை. இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் பேச ஆரம்பிப்பவை. போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தேன். நீங்கள் கூரைக்கு அளவெடுத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள். பிரதியை நீட்டினேன்.

"என்ன இது, கலியாணப் பேச்சா?" என்றீர்கள்.

ஷீட்டின் தூசி நெஞ்சுக்குக் கூடாது, வாயை மூடிக்கொண்டு அறுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். "இந்த நாடு முழுக்க இதுக்குக் கீழதான் படுத்து எழும்புது. ஒருத்தரும் சாகல்லியே? கிடுகுக்குக் கீழ செத்தாக்கள எனக்குத் தெரியும்."

நியாயமான கேள்வி என்று நினைத்தேன். எதையும் ஆதாரமில்லாமல் நம்பக்கூடாது என்பது நான் கற்றுக்கொண்ட பாடம். கூரையில் அசையாமல் கிடக்கும் ஷீட் தீங்கு செய்வதில்லை என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது உண்மை. அறுத்தால், துளைத்தால், சுரண்டினால், உடைத்தால்தான் என்று அடுத்த வரியில் எழுதியிருந்ததும் உண்மை. அந்த அடுத்த வரியை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பிரதி முழுக்க ஆங்கிலம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் உங்களிடம் அதை நீட்டிவிட்டு, என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டு போனேன். நீங்கள் அதை நாலாக மடித்து, வாளும் சுத்தியலும் வைக்கும் ஆயுதப் பையில் போட்டீர்கள். ஆணி சுற்றப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்களைக் கொண்டுபோனது அதுதானா என்று நான் தீர்ப்பு எழுதமாட்டேன். நீங்கள் சுருட்டும் குடித்தீர்கள். வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரலில் தழும்பு என்றார். என்ன தொழில் என்று கேட்டார். கூரை வேலை என்றேன். அதை அட்டையில் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை அலுமாரியைப் பூட்டிய கையோடு மதினி விறாந்தைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். தேங்காய் விழுந்து கூரையில் இரண்டு இடம் வெடித்திருந்தது. உங்கள் மகள் ஸில்மியாவின் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து ஏற்பாடு செய்து, அடுத்த நாளே ஷீட்டைக் கழற்றித் தகரம் போட ஆட்கள் வருவதாக இருந்தது. கழற்றும் ஷீட்டுகளை, மூலையில் லெப்பை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்குப் பக்கத்தாவாரம் இறக்கத் தர்மமாகக் கொடுப்பதாக மதினி நிய்யத்து வைத்திருந்தார்.

"அவர்ட பேரில ஸதக்கா, மச்சி. புள்ளைகள் அதுக்குக் கீழ இருந்து ஓத ஓத அவர்ட கப்றுக்கு நன்மை போய்ச் சேரும். லெப்பைக்கும் சரியான சந்தோஷம். அவங்கட தாவாரம் சின்னன், பாதியா அறுத்துப் போட்டாச் சரி எண்டார்."

பாதியாக அறுப்பது. மணல் முற்றத்தில், பிள்ளைகள் பாய் விரித்து உட்காரும் இடத்தில். ஸில்மியாவின் மகள் அம்னாவும் அங்கேதான் ஓதுகிறாள். அவளுக்கு ஆறு வயது.

இந்த முறை சொன்னேன். தமிழில், ஒரு வரியையும் விடாமல் சொன்னேன். அந்தத் தூள் உள்ளே போனால் வெளியே வராது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் காலம் நீளம், அதனால் அவர்களுக்குத்தான் ஆபத்து கூட. பழைய ஷீட்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது. மதினி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல இறுகியது.

"நீங்க படிச்ச ஆக்கள். சொல்லுவீங்க. முப்பது வருஷம் அந்த மனுஷன் ஊருக்குக் கூரை போட்டார். அவர் ஊருக்கு நஞ்சா போட்டவர்?"

"நான் அப்படிச் சொல்லல்ல மதினி."

"பின்ன எப்படிச் சொல்றீங்க?"

மதினி எழுந்து போய், உங்கள் ஆயுதப் பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, உள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அவர்ட பையில இருந்திச்சு. இங்கிலிஷ். உங்கட எண்டுதான் நினைக்கிறன், எடுத்துட்டுப் போங்க."

நாலு மடிப்பும் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. பக்கத்தின் அடியில் இருந்த படத்தைச் சுற்றி மட்டும் தச்சன் பென்சிலால் ஒரு வட்டம். முகக்கவசம் போட்ட ஒரு மனிதன் ஷீட்டின் மேல் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும் படம்.

"மதினி, நானா வேலை செய்யிற நேரம் தண்ணி பாவிச்சவரா?"

"கடைசி அஞ்சாறு வருஷம் நனைக்காம ஒரு ஷீட்டும் தொட மாட்டார். கிரைண்டரையும் மூலையில போட்டுட்டு கைவாளுக்கு வந்துட்டார். கேட்டா வாள் சூடாகுது எண்டுவார். என்னையும் உடுப்பத் தட்ட விடல்ல. வந்ததும் தானே கழட்டி வாளித் தண்ணியில அமுக்கிருவார். சவுக்காரம் வீணாப் போகுது எண்டு நான் ஏசுவன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். "நாளைக்குப் பாப்பம்" என்று குசினிக்குள் போய்விட்டார்.

என்றைக்கு நீங்கள் அந்தத் தாளை விரித்துப் பார்த்தீர்கள், நானா? மூச்சு முட்டத் தொடங்கிய பிறகா? வாசிக்கத் தெரியாத பக்கத்திலிருந்து உங்களுக்குத் தேவையான ஒன்றை நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சரி என்று ஆகிவிடும் என்பதாலா? அல்லது கேட்டால், அதுவரை போட்ட கூரைகளெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வரும் என்பதாலா?

*

சனிக்கிழமை விடியவே போனேன். வந்த ஆட்கள் இருவரும் உங்களிடம் வேலை பழகியவர்கள் இல்லை. ஏணியைச் சாத்திவிட்டுச் சுத்தியலோடு நின்றார்கள். தட்டி உடைத்துத் தள்ளினால் பகலுக்குள் முடியும் என்பது அவர்கள் கணக்கு. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, கூரை முழுக்க நனைந்து சொட்டும்வரை ஏற விடவில்லை. ஆணியைத் திருகிக் கழற்ற வேண்டும், ஒன்றையும் உடைக்கக்கூடாது, மேலிருந்து போடக்கூடாது, இருவராகப் பிடித்து இறக்க வேண்டும் என்றேன். புத்தளத்திலிருந்து வாங்கிவந்த இறுக்கமான மாஸ்க்குகளைக் கொடுத்தேன். ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு மற்றவனிடம், "டீச்சர் எங்களுக்கும் கொவிட் எண்டு நினைச்சிட்டா" என்றான். இறக்கிய ஷீட்டுகளைத் தடித்த கறுப்புப் பொலித்தீனில் சுற்றச் சொன்னபோது, "மையத்துக்குக் கஃபன் சுத்தியாச்சு. ஜனாஸாத் தொழுகை எத்தனை மணிக்கு?" என்றான். ஸில்மியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. சுற்றி அடுக்கிய ஷீட்டுகளை மத்ரஸாவுக்கு ஏற்ற லேண்ட்மாஸ்டர் வண்டி அஸர் தொழுகை நேரத்துக்கு வருவதாகவே இருந்தது. மதினி அதை வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

லுஹர் தொழுது முடித்த நேரம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தத்தில் சந்தேகம் வராது. கைவாள் உலர்ந்த ஷீட்டில் இழுபடும் சத்தம். ஒரு இழுவை, ஒரு நிறுத்தம், இன்னொரு இழுவை. பதினெட்டு வயதில் அதன் மறுமுனை என் விரல்களில் அதிர்ந்திருக்கிறது. மத்ரஸாப் பக்கமிருந்து வந்தது.

மதினி குசினி வாசலில் நின்றிருந்தார். "கொல்லையில மிச்சமாச் சாத்தி வெச்சிருந்த அஞ்சு ஷீட்ட லெப்பை வியாழக்கிழமையே கொண்டு போயிட்டார், மச்சி" என்றார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "அம்னா ஓதப் போயிருக்கா."

நான் கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடினால் தண்ணீர் சிந்திவிடும். பின்னால் இன்னொரு வாளியின் கைப்பிடி கிறீச்சிடுவது கேட்டது. மதினி.

லெப்பை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கதிரைகளின் மேல் ஷீட்டைக் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு நிழல் வேண்டுமென்று தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் வேம்பின் கீழே உரத்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்னா மட்டும் பாயை விட்டு எழுந்து வந்து, அறுத்து வைத்த ஒரு துண்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அதன் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூளில் விரலால் அலிஃப் எழுதினாள். பிறகு குனிந்து, வாயைக் குவித்து, ஃபூ என்று ஊதி அழித்தாள். மறுபடியும் எழுதினாள்.

எனக்கு முன்னே மதினி கத்தினார்: "ஊதாத!" அவளைப் பின்னாலிருந்து தூக்கி எடுத்தார். பிறகு தன் வாளியை லெப்பையின் வாளுக்கு மேலேயே கவிழ்த்தார்.

லெப்பை துள்ளி விலகினார். "என்ன வேலை இது? அறுக்கிற சாமான நனைச்சா எப்படி?"

"வாள் சூடாகும், லெப்பை" என்றார் மதினி. மூச்சு வாங்கியது. "அவர் தண்ணி ஊத்தாம ஒரு ஷீட்டும் தொட்டவரில்ல. வாள் சூடாகும்."

"சரி, நனைச்சே அறுக்கிறன்."

"வேணாம். அறுக்க வேணாம். நான் தந்தத நானே திருப்பிக் கொண்டு போறன்."

லெப்பை வாளைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "குடுத்த ஸதக்காவத் திருப்பி எடுக்கப்படாது எண்டு உங்களுக்குத் தெரியாம இருக்குமா? பாஸ்ட பேரில குடுத்தது."

மதினி காலி வாளியைக் கீழே வைத்தார். இரண்டு வருடமாக உங்களுக்கு அனுப்பிவைக்க அவர் கண்டுபிடித்த ஒரே ஒரு பொருள் அது.

"தெரியும். அவர்ட பேரில எண்டபடியாத்தான் எடுக்கிறன். குத்தம் எண்டா என்ட தலையில இருக்கட்டும். வேற கூரை நான் போட்டுத் தாறன்."

அவர் வேறு எதையும் விளக்கவில்லை. நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த விளக்கம் அத்தனையும் என் வாய்க்குள்ளேயே கிடந்தது. வாள் சூடாகும் என்ற உங்கள் பொய் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. லெப்பை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். நானும் அவருமாக, விழுந்த தூளின் மேல் வாளி வாளியாக உவர்த் தண்ணீர் ஊற்றினோம். ஈர மணலை மண்வெட்டியால் வழித்துப் பைகளில் கட்டினோம். கூட்டுவதற்கு விளக்குமாறு எடுத்தவரைத் தடுத்தேன். அறுபட்ட துண்டுகளை நனைத்து, சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

*

கிணற்றடியில் மதினி அம்னாவின் தலையைக் கழுவினார். கவுணைக் கழற்றி அப்படியே வாளிக்குள் அமுக்கினார், நீங்கள் செய்தது போல. பிள்ளையை ஸில்மியாவிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார். தென்னங்குற்றி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உளுத்து, பாதி மணலுக்குள்.

"இருபது வருஷம் நான் அதுல தட்டினேனே, மச்சி."

"ஓம் மதினி."

"எனக்கும் வருமா?"

"தெரியாது." என்னால் கொடுக்கக் கூடிய நேர்மையான பதில் அதுதான். "வராமலும் போகலாம். படம் எடுத்துப் பாப்பம். நானும் எடுக்கணும். ரெண்டு பேருமாப் போவம்."

அவர் எழுந்து உள்ளே போனார். அலுமாரிச் சாவி திரும்புவது கேட்டது. வரும்போது தொழுகைத் துப்பட்டி ஒரு கையில், சட்டை மறுகையில். துப்பட்டியை முதலில் தண்ணீரில் போட்டார். சட்டையைப் போடவில்லை.

"இதுவும்தானே?"

"ஓம்."

அவர் அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் தையல் அவருடைய தையல். "கடைசியா ஒரு தரம் மோந்துட்டுப் போடட்டா?"

அளந்து பார்த்தால், இருபது வருடத்து மூச்சுக்கு மேல் இன்னும் ஒரு மூச்சு ஒன்றையும் கூட்டாது, குறைக்காது. ஆனால் வேண்டாம் என்பதுதான் சரியான பதில். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் கிணற்றுக்குள் பார்த்தேன். தண்ணீர் மிகக் கீழே இருந்தது. திரும்பியபோது சட்டை வாளிக்குள் இருந்தது. மதினி இரண்டு கைகளாலும் அதை அடிவரைக்கும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காத அந்த இடைவெளியில் அவர் மோந்தாரா என்று கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது.

போன செவ்வாய் இருவரும் படம் எடுத்தோம். "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்றார் வைத்தியர். மதினிக்கு 'ஒன்றும் இல்லை' மட்டும் கேட்டது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த முதல் சொல்தான் கேட்டது. அம்னாவுக்குப் படம் எடுத்துப் பயனில்லை. அவளுடைய விடை இருக்குமானால், அது வரும் நேரம் நான் இருக்கமாட்டேன்.

மத்ரஸாத் தாவாரத்துக்கு இப்போதைக்குக் கிடுகு போட்டிருக்கிறார்கள், தகரம் வரும்வரை. கோபப்படாதீர்கள், பக்கத்தில் அடுப்பு இல்லை, இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்கிறதா என்று மதினி தினமும் போய்ப் பார்க்கிறார். உங்கள் ஷீட்டுகள் கொல்லை மூலையில் கறுப்புப் பொலித்தீனுக்குள் கிடக்கின்றன. எங்கே கொடுப்பது என்று மூன்று இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்தின் இலக்கத்தைத் தந்தது. அதற்குள் இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார்கள், கோழிக் கூட்டுக்கு ஒன்றிரண்டு கிடைக்குமா என்று. நோன்பு வேறு நெருங்குகிறது. காற்று இறங்கிய நேரத்தில் ஊரில் எங்கோ யாரோ கம்பித் தூரிகையால் கூரையைச் சுரண்டுவது கேட்கிறது. எந்த வீடென்று சத்தத்தைப் பின்தொடர்ந்து போகிறேன். கதவைத் தட்டி, நனைத்துவிட்டுத் துடையுங்கள், சுரண்டாதீர்கள் என்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் முழுவதையும் சொல்கிறேன். அந்தக் கூரையும் பெரும்பாலும் நீங்கள் போட்டதாகத்தான் இருக்கிறது. "ஷீட் பாஸ்ட தங்கச்சிதானே" என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருகிறார்கள்.

விட்டுடாத, ஒடஞ்சிரும் என்பீர்கள். உங்கள் முனையை நீங்கள் விட்டுவிட்டீர்கள், நானா. மறுமுனை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.